வீவக வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி: முதல் ஆறு மாதங்களுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள எங்கள் நான்கறை வீட்டுக்கு எங்கள் நாய்க்குட்டி மிளகு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வாரம். அவள் வருவதற்கு முன்பே நான் 400 வெள்ளியை இழந்திருந்தேன். வந்த பிறகு ஏறக்குறைய ஒன்றரை மாதத் தூக்கத்தை இழந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் செய்தேன், ஆனால் வரிசை மாற்றிச் செய்தேன். குட்டியைப் பார்த்து மயங்கிய பிறகு விதியைப் படித்தேன். குட்டி வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர்த் தட்டு வாங்க ஓடினேன். நாய் வளர்த்துப் பழக்கமில்லாத தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சுற்றுவழியில் போகாமல் இருப்பதற்காக, எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

1. குட்டியைப் பார்க்கும் முன் பட்டியலைப் பாருங்கள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் கழகம் அனுமதித்துள்ள 62 சிறு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஷிட்சு, மால்டீஸ், பொமரேனியன், சிவாவா, பக், மினியேச்சர் ஷ்னாவ்சர் போன்றவை பட்டியலில் உண்டு. தெருவில் அடிக்கடி கண்ணில் படும் கோர்கி, பிரெஞ்சு புல்டாக், பீகிள், ஷிபா இனு ஆகியவை இல்லை. பக்கத்து புளோக்கில் ஒருவர் கோர்கி வைத்திருக்கிறார் என்பது அனுமதிக்கு ஆதாரமாகாது. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தனியார் வீடுகளில் மூன்று நாய்கள் வரை வளர்க்கலாம்.

என் 400 வெள்ளி போனது கலப்பினத்தில். ஒரு கடையில், காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த காக்கபூ குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, "சின்ன இனம்தானே, பூடில் கலப்புதானே" என்று அவர்கள் சொன்னதை நம்பி அன்று மாலையே முன்பணம் கட்டினேன். பூடில் பட்டியலில் இருக்கிறது. காக்கர் ஸ்பேனியல் இல்லை. தாய், தந்தை இரண்டின் இனமும் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்று இரவு பதினொரு மணிக்குப் படித்துத் தெரிந்துகொண்டேன். ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். ஆகவே, கலப்பினம் என்றால் இரண்டு இனங்களின் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

இனப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு வழி, உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கான அடோர் திட்டம். இதன்கீழ் விலங்குநலக் குழுக்களின் வழியாகத் தத்தெடுக்கலாம். நாயின் தோள்வரை உயரம் 55 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குட்டியாக எடுக்கும்போது அது எவ்வளவு வளரும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பாதத்தின் பருமனை வைத்து ஊகிப்பதைவிடத் தாய் நாயின் உயரத்தைக் குழுவிடம் கேட்பது மேல். இந்த வழியில் வந்த எங்கள் மிளகின் தாயைக் குழுவினர் அளந்து வைத்திருந்தார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும், வாய்வார்த்தை மட்டும் போதாது.

2. வீட்டில் உள்ள எல்லோரையும் கேளுங்கள், பணிப்பெண் உட்பட

தத்தெடுக்கும் முன் குழுவின் தொண்டூழியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னிடம் பத்து நிமிடமும் என் மாமியாரிடம் அரை மணி நேரமும் பேசினார். "சாமி அறைக்குள்ள வரக் கூடாது, மத்தபடி எனக்கொண்ணும் இல்ல" என்று மாமியார் சொன்னதை என் மகன் மொழிபெயர்க்க, அவர் அதையும் படிவத்தில் குறித்துக்கொண்டார். அந்த வார இறுதியிலேயே சாமி அறை வாசலில் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்தினோம்.

பல வீடுகளில் பகல் முழுவதும் குட்டியோடு இருக்கப்போகிறவர் பணிப்பெண்தான். அவருக்கு நாயைக் கண்டால் பயமா, சமய காரணத்தால் நாயைத் தொடுவதில் தயக்கமா என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்காமல் குட்டியைக் கொண்டுவந்து, ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்த குடும்பத்தை நான் அறிவேன்.

3. எங்கிருந்து பெறுவது

தத்தெடுக்க விரும்புவோர் எஸ்பிசிஏ, எஸ்ஓஎஸ்டி, ஆக்‌ஷன் ஃபார் சிங்கப்பூர் டாக்ஸ் போன்ற அமைப்புகளை அணுகலாம். விண்ணப்பம், நேர்காணல், வீட்டுப் பார்வை, ஒப்பந்தம் என்று எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதைத் தாமதம் என்று நினைத்து முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால், வீட்டைத் தயார்செய்ய எனக்குக் கிடைத்த அவகாசமே அதுதான்.

விலைக்கு வாங்குவதானால் ஏவிஎஸ் உரிமம் பெற்ற கடையிலோ பண்ணையிலோ மட்டும் வாங்குங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையைத்தான் எல்லோரும் ஏவிஎஸ் என்கிறார்கள். உரிமம் பெற்ற கடைகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் கிடைக்கும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செல்லப்பிராணி விற்கக் கூடாது என்பதால் பிள்ளைகளை மட்டும் அனுப்பிப் பயனில்லை.

டெலிகிராமில் பாதி விலைக்கு வரும் குட்டிகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஜொகூரிலிருந்து வந்தது, பேப்பர் பிறகு தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசியும் இல்லை, தனிமைக் கண்காணிப்பும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடாக இருந்து வருகிறது. அதனால்தான் உரிமமின்றி விலங்கை இறக்குமதி செய்வதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

4. ஆவணங்களும் உரிமமும்

குட்டியைக் கையில் வாங்கும் அன்றே மூன்று தாள்களையும் கையில் வாங்குங்கள்: தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண் அச்சிட்ட சான்று, விற்பனை ரசீது அல்லது தத்தெடுப்பு ஒப்பந்தம். "நாளை மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்றால் நாளையே குட்டியையும் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். மைக்ரோசிப்பை உங்கள் கண்முன் கருவியால் வருடிக் காட்டச் சொல்லி, திரையில் தெரியும் 15 இலக்கங்களைத் தாளில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்கள் தாளில் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது. அங்கேயே திருத்தியதால் ஐந்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலை, உரிமத்துக்கு விண்ணப்பித்த பிறகு தெரிந்திருந்தால் எத்தனை மின்னஞ்சலாக வளர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். விண்ணப்பம் முழுவதும் ஏவிஎஸ்ஸின் பால்ஸ் என்ற இணைய முறையில், சிங்பாஸ் வழியாக நடக்கிறது. முதன்முறையாக உரிமம் பெறுபவர்கள் அதற்கு முன் இலவச இணைய வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். இதைக் குட்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வந்த பிறகு உட்கார்ந்து காணொளி பார்க்க நேரம் கிடைக்காது.

ஐந்து மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஓராண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி. அதன் பிறகு, கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு அதே 15 வெள்ளி. செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. கருத்தடை செய்த நாய்க்கு 35 வெள்ளியில் ஒரே முறை எடுக்கும் உரிமமும் உண்டு. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்பதால், பாதி ஆண்டு வெளிநாட்டில் இருக்கும் கணவரின் பெயரில் எடுக்காமல் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரின் பெயரில் எடுப்பது நல்லது. வீடு மாறினால் முகவரியை உடனே புதுப்பியுங்கள். தொலைந்த நாயைக் கண்டெடுப்பவர்கள் மைக்ரோசிப்பைப் படித்ததும் தேடிப்போவது அந்த முகவரியைத்தான்.

5. முதல் ஆண்டுச் செலவு

என் ரசீதுகளை வைத்துச் சொல்கிறேன். மருந்தகத்துக்கு மருந்தகம் மாறும். தடுப்பூசியும் பரிசோதனையும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 80 முதல் 110 வெள்ளி வரை, அப்படி மூன்று முறை. கருத்தடை அறுவைக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் உட்பட 520 வெள்ளி. கூண்டு, தடுப்பு வேலி, தட்டு, வார், கிண்ணங்கள் எல்லாம் 300 வெள்ளிக்குள் முடிந்தன. உணவும் மாதாந்தரப் பூச்சி மருந்தும் மாதம் 120 வெள்ளியைத் தொடும். இவற்றில் எதுவும் என்னைத் திகைக்க வைக்கவில்லை. திகைக்க வைத்தது, ஒரு ஞாயிறு நள்ளிரவில் மிளகு காலுறை ஒன்றை விழுங்கிவிட, 24 மணி நேர மருந்தகத்தில் வாந்தி எடுக்கவைக்க ஆன 460 வெள்ளி. 1,000 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டே குட்டியைக் கொண்டுவாருங்கள்.

6. வீடும் வரும் நாளும்

தரையில் மண்டியிட்டு, குட்டியின் கண்மட்டத்தில் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கைப்பேசி மின்னூட்டி வயர், பூஜைக்கு வைத்த கற்பூரம், கரப்பான் மருந்து, மகனின் ரப்பர் அழிப்பான் என்று நான் ஒரு வாளி நிறையப் பொறுக்கினேன். வாசல் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையே ஒன்பது வாரக் குட்டி தாராளமாக நுழைந்து வெளியே போய்விடும். கீழ்ப் பாதியில் வலையைக் கட்டுங்கள். வழுக்கும் தரையில் விரிப்புப் போட வேண்டும், ஆனால் எந்த வகை விரிப்பு என்பதை எட்டாம் பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்து, அடுத்த வாரம் முழுவதும் விடுப்பு எடுங்கள். தீபாவளி வாரத்தில் கொண்டுவர வேண்டாம். மின்தூக்கி அருகே மேல்வீட்டுப் புதுப்பிப்புப் பணி அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை, மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் துளைக்கருவியின் சத்தம் தொடங்கியதும் மிளகு சோபாவுக்கு அடியில் போனவள் மதியம்வரை வரவில்லை. பேருந்திலும் எம்ஆர்டியிலும் செல்லப்பிராணிக்கு அனுமதியில்லை என்பதால் செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் சில இரவுகளில் கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கூடத்தில் தனியாக விட்டால் அது அழும், அக்கம்பக்கம் விழிக்கும். கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் பிறகு அதற்குள் தானாக ஒருநாளும் போகாது.

7. மருத்துவரும் உணவும்

வந்த மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடரும். கடைசி ஊசி போட்டு ஓரிரு வாரம் ஆகும்வரை கீழ்த்தளப் புல்தரையில் குட்டியை இறக்காதீர்கள்; பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், குட்டிகளைக் கொல்லும். ஆனால் அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. ஏறக்குறைய 14 வாரத்துக்குள் குட்டி பார்த்துப் பழகாதவற்றுக்குப் பின்னாளில் அஞ்சும். நாங்கள் மிளகைத் துணித்தொட்டிலில் போட்டு நெஞ்சோடு அணைத்து, குப்பை வண்டி, பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம், கீழ்த்தள மலாய்த் திருமணத்தின் கொம்பாங் முழக்கம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டினோம்.

இங்கே ஆண்டு முழுவதும் கொசு உண்டு. இதயப்புழு கொசுவால்தான் பரவுகிறது. உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம். இரண்டுக்குமான மாதாந்தர மருந்தை ஒரு மாதம்கூடத் தவறவிடாதீர்கள்.

உணவை மாற்றுவதானால் ஏழு நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நம் வீடுகளில் பெரிய ஆபத்து அன்பாகக் கொடுக்கும் கவளம்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சோறு, கறிக்குழம்பு இரண்டும் கூடாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் உள்ள சைலிட்டாலும் நஞ்சு. என் மாமியாரிடம் இதை விளக்கியபோது, "அப்ப தயிர்சாதம்?" என்று கேட்டார். மருத்துவரைக் கேட்டு, தாளிக்காத தயிர் ஒரு கரண்டி என்று உடன்பாட்டுக்கு வந்தோம்.

8. சிறுநீர், மலப் பழக்கம்

என் ஒன்றரை மாதத் தூக்கம் போன இடம் இது, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு, குட்டிக்கு வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிட்டது. இரண்டாவது, துணி உறிஞ்சுவிரிப்பை வைத்தது. சமையலறை மிதியடியும், குளியலறை வாசல் கால்துடைப்பானும், உறிஞ்சுவிரிப்பும் குட்டியின் பாதத்துக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். "மென்மையாக இருந்தால் இங்கே போகலாம்" என்று அது கற்றுக்கொண்டது. நாமோ மிதியடி நனைந்தபோதெல்லாம் திட்டினோம். மூன்றாம் வாரத்தில் ஒரு நண்பர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லா மிதியடிகளையும் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். உறிஞ்சுவிரிப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கம்பித்தட்டு உள்ள சிறுநீர்த் தட்டு வைத்தோம். அந்த வாரமே நிலைமை மாறத் தொடங்கியது. வழுக்காத விரிப்பு வேண்டுமானால் துணியில் வாங்காமல் நுரைப்பலகையாக வாங்குங்கள்.

முறை இதுதான். தடுப்பு வேலிக்குள் ஒரு முனையில் படுக்கை, எதிர் முனையில் தட்டு. விழித்தவுடன், உண்டு முடித்தவுடன், விளையாடி முடித்தவுடன், மற்ற நேரங்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை, குட்டியைத் தட்டுக்குக் கொண்டுபோய் அமைதியாக நில்லுங்கள். போகும்போது ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் "போ" என்று வைத்தோம், ஆனால் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் "போ" என்பதால் பிறகு "தட்டு" என்று மாற்ற வேண்டியதாயிற்று. முடித்த இரண்டு நொடிக்குள் தின்பண்டம் கொடுங்கள். சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் குட்டி வேறு எதையோ செய்திருக்கும், அந்தப் பரிசு அந்த வேறு எதற்கோ போய்விடும். ஆகவே தின்பண்டம் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இடம் தவறினால் திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். திட்டு வாங்கிய குட்டி இடத்தை மாற்றுவதில்லை; உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்கிறது. கழுவும்போது அம்மோனியா உள்ள திரவம் வேண்டாம், அதன் வாடை சிறுநீர் வாடைபோல இருந்து அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. நான்கு நாள் தவறே இல்லாமல் போனால் ஓர் அறை கூடுதலாகத் திறங்கள், அதற்கு முன் வேண்டாம்.

9. கடித்தலும் தனிமையும்

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அதுவரை குட்டியின் வாயில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள், கடிக்கத் தக்க பொருளைக் கொடுங்கள். என் மகனுக்கு இதைப் பழக்கியதுதான் கடினம். அவன் கத்திக்கொண்டு ஓடுவான், அதுவும் விளையாட்டென்று குட்டி துரத்தும்.

விடுப்பு நாட்களிலேயே தனிமைப் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு வாரம் முழுவதும் மடியில் வைத்திருந்துவிட்டுத் திங்கட்கிழமை எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் குட்டி ஊளையிடத்தான் செய்யும், அண்டைவீட்டார் புகார் செய்யத்தான் செய்வார்கள். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம், பிறகு மூன்று, ஐந்து, பதினைந்து என்று கூட்டுங்கள். அழுகை ஓய்ந்த இடைவெளியில் திரும்பி வாருங்கள், அழும்போது வராதீர்கள்.

இருபுறமும் உள்ள வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். எங்கள் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டியிடம் சொல்லி, அவர் மின்தூக்கியில் இருந்தால் நாங்கள் அடுத்ததில் வருகிறோம் என்றேன். இப்போது அவரே தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து மிளகை நலம் விசாரிக்கிறார். வெளியே எப்போதும் வார் கட்டாயம்; கழிவை எடுக்கப் பை இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். நடைக்குக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பின்பும் ஏற்ற நேரம். புறங்கையைத் தார்த்தரையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. ஊசிகள் முடிந்த பிறகு பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் உள்ளதைப் போன்ற நாய் ஓடுதளங்களில் வாரைக் கழற்றி விடலாம். முதல்முறை வார நாள் காலையில் போங்கள், ஞாயிறு மாலைக் கூட்டம் குட்டிக்குத் தாங்காது.

10. ஆறாம் மாதம்

அடோர் திட்டத்தில் கருத்தடையும் அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சியும் நிபந்தனைகள். மற்றவர்களுக்கும் இரண்டையும் பரிந்துரைப்பேன். எந்த வயதில் அறுவை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள், சிறு இனங்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் செய்வார்கள். நாளைக் குறிக்கும்போதே அதற்கடுத்த இரண்டு நாள் விடுப்பையும் கேட்டு வையுங்கள். தையலைப் பிரிக்கும்வரை பத்து நாள், அதை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு இருக்கும். அதோடு மிளகு எங்கள் வீட்டுக் கதவு நிலைகள் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு நடந்தாள். மருந்தகத்திலிருந்து கிளம்பும் முன் கருத்தடைச் சான்றைக் கேட்டு வாங்கி, அன்றிரவே பால்ஸில் நாயின் விவரத்தைப் புதுப்பித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டால் அடுத்த புதுப்பிப்பின்போது திரையில் 15 வெள்ளிக்குப் பதில் 90 வெள்ளி என்று வந்து நிற்கும்.